காத்திருக்கும் நோயும் காத்திராத நோயும்

கர்ப்பகாலச் சிக்கல்களுக்குத் தமிழ்நாட்டு வீடுகளில் தனிப் பெயர்கள் உண்டு. ஹீமோகுளோபின் குறைந்தால் 'ரத்தம் கம்மி'. பனிக்குட நீர் குறைந்தால் 'தண்ணி கம்மி'. குழந்தையின் தலை மேலேயே இருந்தால் 'பிள்ளை இன்னும் திரும்பலை'. ரத்த அழுத்தம் ஏறினால் 'பிரஷர்', சர்க்கரை ஏறினால் 'சுகர்', வலிப்பே வந்துவிட்டால் 'ஜன்னி'. ஒவ்வொரு பெயருக்கும் பின்னாலேயே ஒரு கைவைத்தியம் வரும். ரத்தம் கம்மிக்கு முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம். தண்ணி கம்மிக்கு இளநீர். கால் வீக்கத்துக்குப் பார்லி கஞ்சி. குமட்டலுக்கு இஞ்சி, மாதுளை. ஸ்கேன் அறிக்கையும் மாத்திரைச் சீட்டும் வீடு வந்து சேர்வதற்குள், அத்தை சொன்னது, எதிர்வீட்டு அம்மா சொன்னது என்று இந்தப் பட்டியலும் வந்து சேர்ந்திருக்கும்.

பட்டியலை மொத்தமாக மூடநம்பிக்கை என்று தள்ளிவிடலாம். மொத்தமாகப் பாட்டி வைத்தியம் என்று கும்பிட்டும் விடலாம். இரண்டுமே யோசிக்கும் வேலையை மிச்சப்படுத்துகின்றன. எது இயற்கை, எது செயற்கை என்ற விசாரணையும் அதிக தூரம் கொண்டுபோகாது. வில்வப் பழமும் இயற்கை, அரளி விதையும் இயற்கை. பிள்ளைத்தாய்ச்சியின் விஷயத்தில் கேட்டுப் பயனுள்ள கேள்வி வேறு: வந்திருக்கும் சிக்கல் காத்திருக்குமா? சில சிக்கல்கள் வாரக்கணக்கில் அவகாசம் தருகின்றன; உணவும் நடையும் கைப்பக்குவமும் அதற்குள் தம் வேலையைச் செய்ய இடமுண்டு. சில சிக்கல்கள் ஒரு இரவுகூடத் தருவதில்லை.

மிக அதிக அவகாசம் தருவது மசக்கை. பெரும்பாலானவர்களுக்கு அது நாலாம் ஐந்தாம் மாதத்தில் தானே அடங்கிவிடும். இஞ்சி குமட்டலை ஓரளவு தணிக்கிறது என்பதை ஆய்வுகள் ஒப்புக்கொள்கின்றன. வாந்தியின் எண்ணிக்கையை அது அவ்வளவாகக் குறைப்பதில்லை. தமிழ்நாடு அரசின் 'மகப்பேறு சஞ்சீவி' சித்த மருந்துப் பெட்டகத்தில் இருக்கும் மாதுளை மணப்பாகு இதே இடத்துக்கான மருந்துதான். வெறும் வயிற்றோடு எழுந்திருக்காமல் படுக்கையிலேயே இரண்டு வாய் பொரியோ ரஸ்க்கோ கடித்துவிட்டு எழுவதும், மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு வேளையாகப் பிரிப்பதும் பலருக்குப் போதுமானதாக இருக்கின்றன.

தண்ணீர்கூடத் தங்காமல், உடல் எடை குறைந்துகொண்டே போகும் கடும் வாந்தி வேறு சாதி. குழந்தையின் பக்கமிருந்து தாயின் ரத்தத்துக்குள் வரும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோனுக்கு அதில் பெரிய பங்கு இருப்பதை 2023ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. கர்ப்பத்துக்கு முன் அந்த ஹார்மோன் உடம்பில் குறைவாக இருந்த பெண்களையே அது அதிகம் வாட்டுகிறது. 'மனசுல தெம்பு இல்ல, அதான்' என்று மாமியார்களும் சில மருத்துவர்களும் சொல்லிவந்த விளக்கத்துக்கு இது தாமதமான பதில். இந்த நிலையில் இஞ்சிச் சாற்றால் பயனில்லை. குளுக்கோஸ் பாட்டிலை மட்டும் ஏற்றுவதிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது: வாரக்கணக்கில் சாப்பிடாத உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும், அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம்.

மாத்திரைமீது கர்ப்பிணிகளுக்கு உள்ள பயம் அறியாமையால் வந்ததல்ல. 1957ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, யாருக்கும் தீங்கு செய்யாத மென்மையான தூக்க மருந்து என்ற பெயரோடுதான் வந்தது. மசக்கைக்கும் அதைக் கொடுத்தார்கள். 1961 நவம்பரில் அங்கே அது திரும்பப் பெறப்பட்டது. உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபாடுகளோடு பிறந்தன என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. 'மென்மையானது' என்று விற்பவர் சொன்ன சொல்லை நம்பியதன் விலை அது. இலையையும் வேரையும் அதே சொல்லோடு விற்கிறவரிடமும் அதே கேள்விகளைக் கேட்டாக வேண்டும். நியூயார்க் நகரில் 2011, 2012ஆம் ஆண்டுகளில் ரத்தத்தில் ஈயம் ஏறிய நிலையில் ஆறு கர்ப்பிணிகள் கண்டறியப்பட்டார்கள். ஆறு பேரும் இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மாத்திரைகளைச் சாப்பிட்டிருந்தார்கள்.

ரத்தசோகைக்கு வந்தால், உணவே மருந்தாக நின்று வென்ற ஒரு வரலாறு அதற்கு உண்டு. அதில் பாதி தமிழ்நாட்டில் நடந்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928ல் இந்தியா வந்தார். பம்பாய்த் துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளை ஒருவகை ரத்தசோகை கொன்றுகொண்டிருந்தது. ரத்தச் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் மட்டும் பெருத்துக் காணப்படும் சோகை அது. கிருமியா, நஞ்சா, பரம்பரையா என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், வில்ஸ் அந்தப் பெண்களின் தட்டைப் பார்த்தார். எந்த வீட்டில் என்ன சமைக்கிறார்கள், காய் எத்தனை நாளைக்கொரு முறை, பால் உண்டா என்று கணக்கெடுத்தார். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் எலிகளுக்கு அதே ஏழைச் சாப்பாட்டைப் போட்டுப் பார்த்தார். எலிகளுக்கும் சோகை பிடித்தது, கருவுற்றவை செத்தன. ஈஸ்ட் சேர்த்த சாப்பாடு கொடுத்ததும் பிழைத்தன. சென்னை திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா மருத்துவமனையாக இருக்கும் அன்றைய கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் வேலை செய்தார்.

கடைசியில் அவர் கையில் எடுத்தது மார்மைட். பீர் வடிப்பின்போது மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கப்படும் கறுப்புக் களிம்பு, இங்கிலாந்தில் ரொட்டியில் தடவிச் சாப்பிடுவது, விலை மலிவு. படுக்கையை விட்டு எழ முடியாதிருந்த பெண்கள் அதைச் சாப்பிட்டுச் சில நாட்களில் தேறினார்கள். 1931ல் இந்த முடிவுகள் அச்சேறின. அந்தக் களிம்பில் எது வேலை செய்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 'வில்ஸ் காரணி' என்று பெயர் வைத்துக் காத்திருந்தார்கள். 1941ல் அதே பொருள் பசலைக்கீரை வகையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணி கையில் கொடுக்கப்படும் சின்ன மாத்திரை அந்த இலையின் வாரிசு. கீரையை நம்புகிறவர்கள் அந்த மாத்திரையைச் சந்தேகிக்கக் காரணமே இல்லை. ஃபோலேட் சத்து சூட்டில் அழியக்கூடியது. நன்றாக வேகவைத்துத் தண்ணீரை வடித்த கீரையில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

இரும்புச் சத்தில் கணக்கு இன்னும் கறாரானது. ஒரு கர்ப்பம் முழுவதற்கும் சுமார் 1,000 மில்லிகிராம் இரும்பு கூடுதலாகத் தேவைப்படுகிறது. கீரையிலும் தானியத்திலும் இருக்கும் இரும்பில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பங்குதான் உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதுவும் குறையும். நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் கூடும். இரும்புச் சட்டியில் வைத்த புளிக்குழம்பு கொஞ்சம் இரும்பைக் கூடவே கொண்டுவரும். எவர்சில்வர் வந்த பிறகு சமையலறைகள் சத்தமில்லாமல் இழந்தவற்றில் இதுவும் ஒன்று. பீட்ரூட்டுக்கு இந்த விஷயத்தில் கிடைத்திருக்கும் புகழ் அதன் நிறத்தால் மட்டுமே கிடைத்தது.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் சோகை, 7க்குக் கீழே போனால் கடும் சோகை. பத்துக்குப் பக்கத்தில் நாலாம் மாதத்தில் கண்டுபிடித்தால் உணவும் மாத்திரையும் சேர்ந்து சரிசெய்ய நேரம் இருக்கிறது. ஒன்பதாம் மாதத்தில் 6.5 என்று வந்து நிற்கும் பெண்ணுக்கு முருங்கைக்கீரை சொல்வது கொடுமை. அவருக்கு ரத்தமே ஏற்ற வேண்டிவரும். ஒரே நோய்தான். நாலாம் மாதத்தில் காத்திருந்தது, ஒன்பதாம் மாதத்தில் காத்திருக்காது.

மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு விழுங்காமல் இருப்பவர்கள் ஏராளம் என்பது கிராம சுகாதாரச் செவிலியர்கள் எல்லோருக்கும் தெரியும். வயிறு கட்டிக்கொள்கிறது, மலம் கறுப்பாகப் போகிறது, வாயில் துரு வாடை அடிக்கிறது. குழந்தை கறுத்துப் பிறக்கும் என்று யாராவது சொல்லியும் இருப்பார்கள். இரவு படுக்கும் முன் எடுத்தால் குமட்டல் தெரியாது, மலம் கறுப்பது உடம்பில் ஒட்டாமல் மிஞ்சும் இரும்பால்தான், அதில் ஆபத்தில்லை என்று பொறுமையாகச் சொல்ல ஒரு நிமிடம் போதும். கூட்டம் நிறைந்த செவ்வாய்க்கிழமைச் சோதனை முகாமில் அந்த ஒரு நிமிடம்தான் கிடைப்பதில்லை.

கர்ப்பகாலச் சர்க்கரையில் இயற்கை வழிக்கு மிகப் பெரிய இடம் இருக்கிறது. மருத்துவமே அதை முதல் சிகிச்சையாக வைத்திருக்கிறது. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் வி. சேஷய்யா முன்வைத்த சோதனை முறையே ஒரு மென்மையான கண்டுபிடிப்பு. கர்ப்பிணி பட்டினியோடு வர வேண்டியதில்லை. எப்போது வந்தாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் கொடுத்தால் போதும். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் சர்க்கரை உண்டு. விடியற்காலை பஸ் பிடித்து வெறும் வயிற்றோடு வந்து, மூன்று முறை ஊசி குத்திக்கொண்டு, நடுவில் மயங்கி விழும் பெண்களைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த எளிமையின் அருமை தெரியும். 2014ல் இந்திய அரசின் வழிகாட்டுதலும் இதையே ஏற்றுக்கொண்டது.

சர்க்கரை உறுதியானால் முதலில் இரண்டு வாரம் உணவுமுறையும் நடையும். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். இங்கே தமிழ் வீடுகள் தடுமாறும் இடம் கேழ்வரகு. 'அரிசிதான் சுகர், கேப்பை நல்லது' என்று சொல்லி, மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சி, பெரிய டம்ளர் நிறையக் குடிப்பார்கள். கேழ்வரகிலும் அரிசிக்குச் சற்றேறக்குறைய நிகரான மாவுச்சத்து இருக்கிறது. நைசாக அரைத்த கூழ் சர்க்கரையை விரைவாகவே ஏற்றும். அளவோடு களியாகவோ அடையாகவோ, கூடக் கீரையும் பருப்பும் சேர்த்துத் தின்பது வேறு கதை. குளுக்கோஸ் சோதனை 24ஆம் வாரத்திலிருந்து 28ஆம் வாரத்துக்குள் மறுபடி செய்யப்படுகிறது. ஏழாம் மாத வளைகாப்பு அதற்குச் சற்றுப் பின்னால் வருகிறது. சர்க்கரைப் பொங்கல், தேங்காய்ச் சாதம், புளியோதரை என்று வரிசையாக இலையில் விழுவதைக் கர்ப்பிணி மறுக்கவும் முடியாது.

இரண்டு வாரம் கழித்தும் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 120க்குக் கீழே இறங்கவில்லை என்றால் மருந்து. இன்சுலின் ஊசி என்றதும் குடும்பமே கலங்கிவிடும். மாத்திரையாவது பரவாயில்லை என்பார்கள். உண்மை தலைகீழ். இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போவதில்லை; மெட்ஃபார்மின் மாத்திரைதான் தாண்டும். அந்த மாத்திரைக்கும் ஒரு மூலிகைப் பூர்வீகம் உண்டு. ஐரோப்பிய வயல்களில் வளரும் கலேகா என்ற செடியின் வேதிப்பொருளைப் பின்பற்றி உருவானது அது. அந்தச் செடியை அப்படியே மேய்ந்த ஆடுகள் செத்திருக்கின்றன.

குழந்தை திரும்பாத நிலை கையால் ஆகும் மருத்துவத்துக்குச் சொந்தமானது. 28ஆம் வாரத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு குழந்தை தலை மேலாகவே இருக்கும். நிறைமாதத்தில் நூற்றுக்கு மூன்று நாலுதான் அப்படி மிஞ்சும். மற்றவை தாமாகவே திரும்பிவிடுகின்றன. எட்டாம் மாதத்தில் எதைச் செய்தாலும் அது 'பலித்துவிடும்' என்பதற்கு இதுதான் காரணம். மருத்துவச்சிகள் விளக்கெண்ணெய் தடவி வயிற்றின் மேலாகவே குழந்தையைத் தள்ளித் திருப்பிய பழக்கம் பல நாடுகளில் இருந்தது. மருத்துவமனையில் 36, 37ஆம் வாரத்தில், ஸ்கேனில் பார்த்தபடி, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டபடி செய்யப்படும் வெளிமுறைத் திருப்பல் அதன் நேர் வாரிசு. ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது பலிக்கிறது. அந்தப் பாதிப் பேரில் பலர் கத்தியிலிருந்து தப்பிக்கிறார்கள். கேட்டுப் பெற வேண்டிய மென்மையான வழி ஒன்று உண்டென்றால் இதைச் சொல்லலாம். அதைச் செய்யத் தெரிந்த கைகள் அருகிவருகின்றன.

சீனத்தில் இதற்கு ஒரு விசித்திரமான வைத்தியம் உண்டு. உலர்ந்த மாக்கிப்பூண்டைச் சுருட்டிப் பற்றவைத்து, கால் சுண்டுவிரல் நகத்தோரம் சூடு காட்டுவார்கள். மதுரை மல்லிகையோடு சேர்த்துக் கட்டும் மரிக்கொழுந்தின் உறவுக்காரச் செடி அது. 1998ல் ஜியாங்சி மாகாணத்தில் 260 தலைச்சன் கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஆய்வில், சூடு பெற்றவர்களில் 75 சதவீதம் பேருக்குக் குழந்தை தலை கீழாக வந்தது. பெறாதவர்களில் 48 சதவீதம். அதே ஆய்வாளர் இத்தாலியில் மறுபடி செய்துபார்த்தபோது 123 பேரோடு நிறுத்த வேண்டியதாயிற்று. புகை நாற்றம் தாங்காமலும் குமட்டல் வந்தும் பெண்கள் பாதியில் விட்டுவிட்டார்கள். ஓர் ஊரில் மென்மையாக இருப்பது இன்னோர் ஊரில் அப்படி இருப்பதில்லை.

தண்ணி கம்மியில் கைவைத்தியம் ஓரளவு சரியாகவே சொல்கிறது. தாய் நிறையத் தண்ணீர் குடித்தால் பனிக்குட நீர் கூடுவது அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. இளநீர்தான் வேண்டும் என்பதில்லை. நஞ்சுக்கொடி சரியாக ஊட்டாததால் குழந்தை வளர்ச்சி குன்றி, அதனால் நீர் குறைந்திருந்தால் எத்தனை குடம் குடித்தாலும் மூலக் காரணம் அப்படியே இருக்கும்.

ரத்த அழுத்தம்தான் இந்த வரிசையில் ஏமாற்றுக்காரச் சிக்கல். 20ஆம் வாரத்துக்குப் பிறகு அழுத்தம் 140க்கு 90ஐத் தொட்டு, சிறுநீரில் புரதம் கலந்தாலோ கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள் பாதிக்கப்பட்டாலோ அது முன்வலிப்பு நிலை. விதை விழுவது அதற்கு மிக முன்னால். நஞ்சுக்கொடி கருப்பையில் வேர்விடும் முதல் மாதங்களிலேயே, தாயின் ரத்தக் குழாய்கள் விரிய வேண்டிய அளவு விரியாமல் போய்விடுகின்றன. மூச்சுமுட்டும் நஞ்சுக்கொடி பின்னாளில் தாயின் ரத்தத்தில் விடும் பொருட்கள் உடம்பெங்கும் குழாய்களைக் கெடுக்கின்றன. நஞ்சுக்கொடி வெளியே வந்தால்தான் நோயின் வேர் நீங்கும். அதாவது பிரசவம்தான் மருந்து. எந்தக் கஞ்சியும் எந்த மாத்திரையும் இந்த விதியை மாற்றுவதில்லை.

வீட்டுக்கு இது கால் வீக்கமாகத்தான் முதலில் தெரியும். 'நீர் இறங்கியிருக்கு, பிள்ளைத்தாய்ச்சிக்குச் சகஜம்' என்பார்கள். பல நேரம் அது சகஜமேதான், அங்கேதான் சங்கடம். மூக்கிரட்டைக் கீரையும் பார்லித் தண்ணீரும் கொடுத்தால் சிறுநீர் பிரியும், கொலுசு பழையபடி தளரும், வீடு நிம்மதி அடையும். அழுத்தம் தன் போக்கில் ஏறிக்கொண்டிருக்கும். முன்வலிப்பில் திசுக்களுக்குள் நீர் கோத்திருந்தாலும் ரத்தக் குழாய்க்குள் நீர் குறைந்தே இருக்கும். மேலும் நீரை வெளியேற்றுவது உதவி ஆகாது. உப்பை அடியோடு நிறுத்துவதாலும் பயன் இல்லை. மாதக்கணக்கில் படுக்கையில் கிடத்துவதற்கும் ஆதாரம் இல்லை. காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். இருமலுக்கும் தொண்டைக்கும் சாதாரணமாக வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும் குணமுடையது. அந்த இனிப்பு வேர் இந்தப் பெண்ணுக்கு ஆகாது என்று கடைக்காரர் சொல்லப்போவதில்லை.

தடுப்பதில் மட்டும் மென்மையான வழிகளுக்கு இடம் உண்டு. கால்சியம் குறைவாகச் சாப்பிடும் மக்களிடையே கால்சியம் கொடுத்தால் முன்வலிப்பு குறைகிறது. பெங்களூரிலும் தான்சானியாவிலும் தலா 11,000 பெண்களிடம் நடந்து 2024ல் வெளியான ஆய்வுகளில், நாளுக்கு 500 மில்லிகிராம் தருவது 1,500 தருவதற்குப் பெரும்பாலும் ஈடாகவே நின்றது. கேழ்வரகுக்கும் எள்ளுக்கும் மோருக்கும் உண்மையான மரியாதை இங்கேதான் கிடைக்க வேண்டும். முன்பே ஆபத்து அதிகம் என்று கணிக்கப்பட்டவர்களுக்கு மூன்றாம் மாத முடிவிலிருந்து இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தால், குறைமாதத்தில் வரும் முன்வலிப்பு பாதிக்கும் மேல் குறைவதை 2017ல் ஓர் ஆய்வு காட்டியது. இரண்டுக்கும் நேரம் முக்கியம். அழுத்தம் ஏறிய பிறகு தொடங்கினால் இரண்டுமே பிந்தியவை.

தலைவலி விடாமல் குத்துவது, கண் மங்குவது, பூச்சி பறப்பதுபோல் தெரிவது, மேல்வயிற்றில் வலி. இந்த நான்கில் ஒன்று வந்தால் அது காத்திராத நோய். தலைவலிக்குச் சுக்குப் பற்றுப் போட்டு, மேல்வயிற்று வலியை வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்து விடியும்வரை பார்க்கலாம் என்ற இரவுகளில்தான் ஜன்னி வருகிறது.

அப்போது உயிர் காப்பது ஓர் உப்பு. இங்கிலாந்தின் எப்சம் ஊர் ஊற்றில் கிடைத்ததால் அந்தப் பெயர் பெற்று, நம்மூரில் பேதிக்குக் கொடுக்கப்பட்டுவந்த அதே மக்னீசியம் சல்ஃபேட். 1995ல் வெளிவந்த ஆய்வில், வலிப்பு மறுபடி வராமல் தடுப்பதில் மற்ற இரண்டு பிரபல மருந்துகளையும் அது தெளிவாக முந்தியது. 2002ல் 33 நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 'மேக்பை' ஆய்வில், முன்வலிப்பு உள்ளவர்களுக்கு ஜன்னி வரும் வாய்ப்பை அது பாதிக்கும் கீழே இறக்கியது. விலை சொற்பம். கொடுக்கும் முறைதான் நுட்பமானது. நரம்பில் 4 கிராம் மெதுவாக. இரண்டு இடுப்பிலும் ஐந்தைந்து கிராம் ஆழமாக. பிறகு நாலு மணிக்கொரு முறை 5 கிராம். ஊசி போகும்போது உடம்பெல்லாம் தீப்பற்றியதுபோல் எரியும், இடுப்பு கல்லாக வலிக்கும். ஒவ்வொரு ஊசிக்கும் முன் செவிலியர் ஒரு சின்ன ரப்பர் சுத்தியால் பெண்ணின் முழங்காலில் தட்டிப் பார்ப்பார். கால் துள்ளினால் அடுத்த ஊசி போடலாம். துள்ளாவிட்டால் உப்பு உடம்பில் மிகுந்துவிட்டது; அடுத்து நிற்கப்போவது மூச்சு. மூச்சின் எண்ணிக்கையும் பையில் சேரும் சிறுநீரின் அளவும் அட்டையில் ஏறிக்கொண்டே இருக்கும். மாற்றுமருந்தாகக் கால்சியம் ஊசி தலைமாட்டில் தயாராக இருக்கும். எந்தப் பொருளையும் மருந்தாக்குவது இந்த அளவும் இந்தத் தட்டிப் பார்த்தலும்தான்; பேதி உப்பும் அப்படித்தான் மருந்தானது.

இவ்வளவு இருந்தும் ஏன் பலர் ஆஸ்பத்திரியை விட்டு விலகி 'இயற்கை' என்ற சொல்லிடம் போகிறார்கள்? மூலிகைமீதான பக்தி அதற்குப் பாதிக் காரணம்கூட இராது. தமிழ்நாட்டில் பிறப்புகளில் 44.9 சதவீதம் சிசேரியன் என்கிறது அதே ஐந்தாம் சுற்றுக் குடும்பநல ஆய்வு. தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். தேவைப்பட்ட கத்தி எது, தேவைப்படாத கத்தி எது என்று பிரித்தறிய முடியாத பெண் எல்லாக் கத்தியையும் சந்தேகிக்கிறாள். பிரசவ அறையின் அதட்டலும், திரையில்லாத கட்டிலும், விளக்கமில்லாத கையெழுத்தும் சேர்ந்துகொள்கின்றன. பிறப்புறுப்பு வழியான பேறுக்கு மட்டும் 'சுகப்பிரசவம்' என்று பெயர் வைத்திருக்கும் மொழியில், அறுவையில் பெற்றவள் ஏதோ தோற்றதாகவே உணர்கிறாள். 2018ல் திருப்பூரில் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஓர் இளம்பெண் ரத்தப்போக்கால் இறந்தார். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு காத்திராதவற்றில் முதன்மையானது. அதன் அவகாசம் நிமிடங்களில் கணக்கிடப்படுகிறது.

மருத்துவம் ஏற்கத்தக்க வடிவில் வராவிட்டால் இருந்தும் இல்லாததுதான் என்பது இந்த மண்ணில் பழைய பாடம். 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து கணவர்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவ வரும்படி ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணை அழைத்தார்கள். அவர் அப்போது மருத்துவர் அல்ல. மருத்துவரான தந்தை வருகிறார் என்றபோது, அந்நிய ஆண் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஐடா மருத்துவம் படித்துத் திரும்பி வேலூரில் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை.

கத்தியைக் குறைக்க நிரூபிக்கப்பட்ட மென்மையான வழி ஒன்று உண்டு. வலி வரும் நேரம் முழுக்கப் பக்கத்தில் ஒரு துணை. 26 ஆய்வுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களைத் தொகுத்துப் பார்த்ததில், துணையிருந்தவர்களுக்குச் சிசேரியன் குறைந்தது, வலி மருந்தின் தேவை குறைந்தது, பிரசவ நேரமும் சற்றுக் குறைந்தது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு அனுமதி 2004லிருந்து இருக்கிறது. முதுகை நீவிவிட ஒரு கை, வாயை நனைக்க வெந்நீர், 'இன்னும் கொஞ்சம்தான்டி' என்று சொல்ல ஒரு குரல். மக்னீசியம் ஊசி போட்டுக் கிடக்கும் பெண்ணுக்கும் இது பொருந்தும். சொல்லப்போனால் அவருக்குத்தான் இது அதிகம் வேண்டும்.

பிள்ளை பிறந்ததும் வீட்டின் கண் குழந்தையிடம் போய்விடுகிறது. தாய்க்குப் பத்தியம், பூண்டுக் குழம்பு, நல்லெண்ணெய், வயிற்றுக்கட்டு என்று வேறொரு பட்டியல் தொடங்கும். முன்வலிப்பு பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம்வரை தலைகாட்டலாம். தாய்வீட்டில் பதினோராம் நாள் வரும் தலைவலியைப் பிரசவ அசதி என்று விட்டுவிடாமல் ஒருமுறை அழுத்தம் பார்க்க வேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்த பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஏழு மடங்கு. ஆறாம் வாரத்தில் அவருக்கு மறுபடி குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறது வழிகாட்டுதல். அந்த வாரத்தில்தான் குழந்தைக்குத் தடுப்பூசித் தவணையும் வருகிறது. தாயும் சேயும் ஒரே ஆட்டோவில் அதே சுகாதார நிலையத்துக்கு வந்து, குழந்தைக்கு ஊசி போட்டதும் திரும்பிவிடுகிறார்கள்.